உடைமரமும் நீள நோட்டும்: ஒரு கல்லூரிக் காட்டின் நிகழ்வு ஆய்வு

எங்கள் திருநெல்வேலிச் சீமையில் ‘அப்பா காட்டுக்குப் போயிருக்காவ’ என்று பிள்ளை சொன்னால், அப்பா புஞ்சைக்குப் போயிருக்கிறார் என்று அர்த்தம். மானாவாரி நிலம்தான் காடு. யானையும் புலியும் இருக்கிற இடத்துக்கு ‘மலை’ என்று பெயர். அதனால் நான் வேலை பார்த்த கல்லூரிக்கு 60 ஏக்கர் காடு இருக்கிறது என்று சொன்னால், ‘என்ன விதைச்சிருக்கு, உளுந்தா எள்ளா?’ என்று கேட்பார்கள். ஒன்றும் விதைக்கவில்லை, முள்தான் நிற்கிறது என்றால் கேட்டவர் முகம் வாடிவிடும். வருவாய்த் துறைப் பதிவிலும் அது தரிசு என்றுதான் இருக்கிறது.

அந்தத் தரிசில் தாவரவியல் மாணவர்களோடு சில வருடங்களாகச் செய்த வேலையைத்தான் இங்கே எழுதுகிறேன். நடந்த தவறுகளையும் சொல்லப் போவதால் கல்லூரியின் பெயர் வேண்டாம். பாளையங்கோட்டைக்குத் தெற்கே, நாங்குநேரி போகிற பக்கம் என்ற அளவில் இடத்தை வைத்துக்கொள்ளுங்கள். சொந்தக் காடு வைத்திருக்கும் கல்லூரிக்கு அதனால் கிடைக்கும் பெரிய வசதி, போன வருடம் பார்த்த அதே மரத்திடம் இந்த வருடமும் யாரிடமும் கேட்காமல் போய் நிற்கலாம் என்பதுதான். சொல்லும்போது இது சாதாரணமாகத் தெரிகிறது. எங்களுக்குப் புரிவதற்கு இரண்டு மூன்று வருடம் ஆனது, நிறைய மரங்களும் போயின.

மலையைப் பார்த்துக்கொண்டே இருந்தோம்

திருநெல்வேலியில் தாவரவியலோ விலங்கியலோ படிக்கிற பிள்ளைக்குக் கண் மேற்கேதான் போகும். அதில் குற்றமில்லை. களக்காடு முண்டந்துறை 1988இல் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமானது. அதை உள்ளடக்கிய அகத்தியமலை 2001இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டு, 2016இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தாவரவியலாளர் ராபர்ட் வைட் குற்றாலத்தில் செடி சேகரித்த காலத்திலிருந்து இந்த மலை தாவரவியலாளர்களுக்குத் தாய்வீடு மாதிரி. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் தன் சுற்றுச்சூழல் அறிவியல் மையத்தை மலையடிவாரத்து ஆழ்வார்குறிச்சியில் வைத்திருப்பதும் பொருத்தமான காரியம்.

ஆனால் ஒரு சாதாரணக் கல்லூரியின் எம்.எஸ்ஸி. மாணவிக்கு அந்த மலை என்ன தரும்? வருடத்துக்கு ஒரு நாள் பஸ் பிடித்துப் பாபநாசமோ மாஞ்சோலையோ போய்வரலாம். அங்கே ஆய்வு செய்ய வேண்டுமானால் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி தலைமை வன உயிரினக் காப்பாளர் அனுமதி வேண்டும். அந்த விதி தேவையான விதி, அதைத் தளர்த்தச் சொல்லவில்லை. நாலு செமஸ்டரில் படிப்பே முடிந்துவிடுகிற பிள்ளைக்கு விண்ணப்பம் போட்டு, பதில் வந்து, மலையேறி, அதே இடத்துக்கு மறுபடி போவது நடக்கிற காரியமாக இல்லை. ஒரு முறை பார்த்ததை எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். ஒரு முறை மட்டும் பார்த்த காட்டில் கேள்வி பிறப்பதும் அபூர்வம்.

இவ்வளவுக்கும் விடுதிக்குப் பின்னாலேயே 60 ஏக்கர் நின்றுகொண்டிருந்தது. செம்மண், ஒரு முழம் தோண்டினால் சுக்கான்பாறை. மேலே உடை, வெள்வேல், இலந்தை, விடத்தலை, சங்கஞ்செடி, ஆங்காங்கே வேம்பும் பனையும். ஆனி ஆடியில் மலை அந்தப் பக்கமே மழையை வாங்கிக்கொள்ளும், எங்களுக்கு வருவது காற்று மட்டும். ஐப்பசி கார்த்திகையில் பெய்கிற வடகிழக்குப் பருவமழையை நம்பித்தான் இந்தக் காடு வருடத்தை ஓட்டுகிறது.

இந்தக் காட்டின் மரம் என்றால் உடைதான். குடை விரித்த மாதிரி தட்டையான உச்சி, ஜோடி ஜோடியாக வெள்ளை முள். அதற்குக் குடைவேல் என்றும் பெயருண்டு. சங்கப் பாட்டு ஒன்றில் வேட்டுவச் சிறுவர்கள் உடையின் முள்ளை அம்பு நுனியில் செருகி எலி அடிப்பார்கள். அவ்வளவு பழைய உறவு. 1968இல் வனவியலாளர்கள் சாம்பியனும் சேத்தும் செய்த இந்தியக் காடுகளின் வகைப்பாட்டில் இந்தக் குடைமுள் காடு தனி வகையாகவே இடம்பெறுகிறது. உலகத்திலேயே தென்னிந்தியாவின் தென்கோடியும் இலங்கையும் சேர்ந்த சின்ன வட்டாரத்து மரம் எங்கள் விடுதிக்குப் பின்னால் நிற்கிறது. அதன் கீழே பழைய பெஞ்சுகளைப் போட்டு வைத்திருந்தோம்.

2017: இரண்டு உடை, ஒரு ஜே.சி.பி.

2017 தொடக்கத்தில் தென்மாவட்டங்களில் சீமைக்கருவேலத்தை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது பலருக்கு நினைவிருக்கும். ஊரெல்லாம் ஜே.சி.பி. ஓடியது. எங்கள் கல்லூரிக்கும் ஒன்று வந்தது. அது வந்த அன்று எங்கள் துறையில் தேர்வு வேலை. சாயங்காலம் போய்ப் பார்த்தபோது சாலையை ஒட்டிய பகுதி முழுவதும் சிவந்த மண்ணாகக் கிடந்தது. ஓரத்தில் குவித்திருந்த குவியலில் சீமைக்கருவேலத்தோடு உடையும் வெள்வேலும் கலந்து கிடந்தன. குவியலில் பாதி உடை.

ஓட்டுநர் மேல் தவறில்லை. எங்கள் பக்கம் சீமைக்கருவேலத்துக்குச் ‘சீமை உடை’ என்றும் பெயருண்டு. ‘உடையெல்லாம் எடுத்திருங்க’ என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், அவர் எடுத்துவிட்டார். சீமை உடைக்குக் கிளை தொங்கலாக வரும், பூ வால் மாதிரி நீண்டு மஞ்சளாக இருக்கும், நெத்தும், அதாவது முற்றிய காயும், நீண்டு மஞ்சளாகத் தொங்கும். நாட்டு உடைக்குப் பூ சின்ன வெள்ளை உருண்டை, நெத்து வளைந்து சுருண்டிருக்கும். இதைப் பத்து நிமிடத்தில் காட்டிக் கொடுத்திருக்கலாம். காட்டிக் கொடுக்க எங்களில் யாரும் அங்கே இல்லை. தாவரவியல் துறை இருக்கிற வளாகத்தில் இது நடந்தது என்பதை இப்போது எழுதும்போதும் மனசு ஆறவில்லை.

அப்புறம் அடுத்தது வந்தது. வெறுமையாகக் கிடக்கும் நிலத்தில் ஆயிரம் மரக்கன்று நடலாம் என்றார்கள். நல்ல மனதோடு சொன்னதுதான். குழி வெட்டினார்கள், புங்கையும் தூங்குமூஞ்சியும் வைத்தார்கள், படம் எடுத்தார்கள். பங்குனியில் தண்ணீர் லாரி நின்றது. அந்த வெயிலில் கன்றுகள் நிற்கவில்லை. இதற்கிடையே வேர்க்கட்டை மிச்சமிருந்த இடத்திலெல்லாம் சீமைக்கருவேலம் பழையபடி தழைத்துவிட்டது. வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து கொத்தாகத் துளிர்ப்பது அதன் குணம்.

அந்தச் சமயத்தில் நிர்வாகத்திடம் போய் ஒன்றே ஒன்று கேட்டோம். மிச்சக் காட்டை அப்படியே விடுங்கள், அழித்த இடத்தையும் அப்படியே விடுங்கள், நடவும் வேண்டாம். ஏன் என்றார்கள். அழியாத காடும் அழிந்த நிலமும் ஒரே மண்ணில், ஒரே மழையில், பக்கத்துப் பக்கத்தில் கிடக்கின்றன. ஆராய்ச்சிக்காரர்கள் இதைக் காசு கொடுத்து ஏற்பாடு செய்வார்கள், நமக்கு வலியோடு கிடைத்திருக்கிறது என்றேன். யோசித்துவிட்டுச் சரி என்றார்கள். அந்தச் ‘சரி’யை எழுத்தில் வாங்காதது எங்கள் அடுத்த தவறு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

நாலு பிளாட், ஒரு டேப், பெரிய சண்டை

காட்டுக்குள் இரண்டு, அழித்த நிலத்தில் இரண்டு என்று 20க்கு 20 மீட்டரில் நாலு பிளாட் போட்டோம். பிளாட் என்றால் வருடா வருடம் கணக்கெடுக்க அளந்து ஒதுக்கிய சதுரத் துண்டு. மூலைக்கு ஒரு கல், சுற்றி நைலான் கயிறு. உள்ளே இருக்கிற ஒவ்வொரு மரத்துக்கும் எண். முதலில் எண் தகட்டை ஆணியால் அடித்தோம். பட்டையில் பிசின் வடிந்தது, தகடு பளபளப்பாக இருந்ததால் பாதி காணாமலும் போனது. பிறகு மங்கலான தகட்டை, மரம் பருக்க இடம்விட்டுக் கம்பியால் தொங்கவிட்டோம். அதோடு அந்தத் தொல்லை தீர்ந்தது.

அளப்பதில்தான் பாடம் ஆரம்பமானது. மரத்தின் சுற்றளவை நெஞ்சு உயரத்தில், அதாவது தரையிலிருந்து 1.3 மீட்டர் அளவில் எடுக்க வேண்டும் என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. மாணவிகள் இரண்டு பேர் டேப்பை எடுத்துக்கொண்டு 12ஆம் எண் உடையிடம் போனார்கள். போனவர்கள் வரவில்லை. போய்ப் பார்த்தால் இரண்டு பேருக்கும் வாக்குவாதம். அந்த மரம் முழங்காலுக்குக் கீழேயே மூன்றாகப் பிரிந்துவிடுகிறது. நெஞ்சு உயரத்தில் மூன்று தண்டு: 20 செ.மீ., 15 செ.மீ., 12 செ.மீ.

ஒருத்தி மூன்றையும் கூட்டி 47 என்று எழுத வேண்டும் என்றாள். இன்னொருத்தி சராசரி எடுக்க வேண்டும் என்றாள். ‘சார், நீங்க சொல்லுங்க’ என்று என்னைப் பார்த்தார்கள். நான் சொல்லவில்லை. ‘மூணு தண்டையும் வாளால அறுத்தா வெட்டு முகத்தோட பரப்பு எவ்வளவு வரும், அதைக் கணக்குப் போடுங்க’ என்று விட்டுவிட்டேன். மண்ணில் குச்சியால் போட்டார்கள். சுற்றளவின் வர்க்கத்தை 4π-ஆல் வகுத்தால் பரப்பு. தனித்தனியாகப் போட்டுக் கூட்டினால் மூன்றும் சேர்ந்து 61 சதுர செ.மீ. 47 செ.மீ. சுற்றளவுள்ள ஒரே மரம் என்று எடுத்துக்கொண்டால் 176. கிட்டத்தட்ட மூன்று மடங்கு. ஒரே மரத்தில் இவ்வளவு என்றால் ஒரு பிளாட் முழுவதும் இப்படிக் கூட்டினால் இல்லாத காட்டை எழுதி வைத்திருப்போம். சரியான முறை, மூன்று வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுப்பது. அப்படிப் பார்த்தால் அந்த மரத்தின் சுற்றளவு 27.7 செ.மீ.

அன்றைக்கு அங்கேயே இன்னொரு கேள்வியும் வந்தது. ‘சார், இந்த நெஞ்சு உயரக் கணக்கு யாரோ நெட்டையா வளர்ற மரத்துக்கு எழுதினது. நம்ம மரம் அதுக்கு முன்னாடியே பிரிஞ்சிருதே.’ மாணவி சொன்னது முழு உண்மை. நெடுமரக் காடுகளுக்கு வசதியாக அமைந்த அளவு அது. எங்கள் காட்டுக்குத் தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் ஒரு அளவும், நெஞ்சு உயரத்தில் ஒரு அளவும், இரண்டையும் எழுதுவது என்று முடிவு செய்தோம். டேப் வைத்த இடத்தில் மஞ்சள் பெயின்டில் ஒரு கோடு. அடுத்த வருடம் வேறு கை அளந்தாலும் அதே இடத்தில் அளக்க வேண்டும். ஒரு விரல்கடை மேலே கீழே போனால் மரம் ஒரு வருடத்தில் இளைத்துவிட்டதாகப் புள்ளிவிவரம் சொல்லும்.

வகுப்பறையில் இந்தச் சண்டையை என்னால் உண்டாக்கியிருக்க முடியாது.

பெயரிலும் ஒரு சண்டை வந்தது. புத்தகங்களில் உடைக்கு அகேசியா பிளானிஃப்ரான்ஸ் என்று இருக்கிறது, வைட்டும் அர்னாட்டும் வைத்த பெயர். 2005 வியன்னா, 2011 மெல்போர்ன் தாவரவியல் மாநாடுகளுக்குப் பிறகு அகேசியா என்ற பேரினப் பெயர் ஆஸ்திரேலிய மரங்களோடு போய்விட்டதால், நம்முடையது வாச்செல்லியா பிளானிஃப்ரான்ஸ் ஆகிவிட்டது. பதிவேட்டில் எதை எழுதுவது? இரண்டையும் எழுதி, முதலில் ‘உடை’ என்று எழுதுகிறோம். ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு உலர்தாவர மாதிரியைத் துறை அலமாரியில் வைத்திருக்கிறோம். பெயர் இன்னும் எத்தனை முறை மாறினாலும் எந்தச் செடியைச் சொன்னோம் என்று அது காட்டும்.

செமஸ்டர் கணக்கும் மழைக் கணக்கும்

எம்.எஸ்ஸி. புராஜெக்ட் நாலாவது செமஸ்டரில் வருகிறது. மார்கழி கடைசியில் தலைப்பு, பங்குனி சித்திரையில் புத்தகம். காட்டுக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில். அப்போது மாணவர்களுக்குப் பருவத்தேர்வு. இதன் விளைவை ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். வருடக்கணக்காக எங்கள் மாணவர்கள் எழுதிய புராஜெக்டுகள் அத்தனையும் காய்ந்த காட்டைப் பற்றியவை. முதல் மழைக்கு மண் வாசனை எழும்போது, ஈசல் புறப்படும்போது, தம்பலப்பூச்சி சிவப்பு வெல்வெட் மாதிரி ஊரும்போது, தரையெல்லாம் பெயர் தெரியாத சின்னச் செடிகள் முளைக்கும்போது எங்களில் ஒருவரும் அங்கே இல்லை. ‘இனங்கள் குறைவு’ என்று புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் முடிவு எழுதினோம். ஆள் இல்லாத மாதங்களில்தான் இனங்கள் வந்துபோயிருக்கின்றன.

பாடத்திட்டத்தை மாற்ற எங்களுக்கு அதிகாரமில்லை. ஆளை மாற்றினோம். முதல் வருட மாணவர் இருவர், இரண்டாம் வருட மாணவர் ஒருவர் என்று ஒரு பிளாட்டுக்கு ஒரு குழு. முதல் வருடத்தார் புரட்டாசியிலேயே தொடங்கிவிடுவார்கள். திங்கட்கிழமை காலை முதல் மணிநேரத்தில் தங்கள் மரங்களுக்கு இலை, மொட்டு, பூ, நெத்து எவ்வளவு என்று பூஜ்யம் முதல் நாலு வரை எண் போடுவார்கள். அரை மணி வேலை. இரண்டாம் வருடம் அவர்களே மூத்தவர்கள், தாங்கள் எடுத்த மழைக்காலக் கணக்கையே புராஜெக்ட்டாக எழுதுவார்கள், புதுப் பிள்ளைகளுக்கு டேப் பிடிக்கவும் சொல்லிக் கொடுப்பார்கள். நான் சொல்லிக் கொடுப்பதைவிட அவர்கள் சொல்லிக் கொடுப்பது நன்றாக ஏறுகிறது.

பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாக: மூடின ஷூ கட்டாயம், உடை முள் ரப்பர் செருப்பைத் துளைத்துவிடும். சருகுக்குள் கையை விடக் கூடாது, சுருட்டைவிரியன் இருக்கிற காடு. தனியாக யாரும் போகக் கூடாது. ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு வண்டி எப்போதும் தயாராக நிற்க வேண்டும். துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொள்ளச் சொல்வோம். மாணவிகளுக்கு நாலரை மணி டவுன் பஸ் தவறக் கூடாது என்பதால் சாயங்கால வேலையே வைப்பதில்லை.

நீள நோட்டு

முன்பெல்லாம் கணக்கு மாணவரின் நோட்டில் இருக்கும். மாணவர் போனால் நோட்டும் போய்விடும். துறையில் மிஞ்சுவது பைண்டு பண்ணிய புராஜெக்ட் புத்தகம். அதில் சராசரி இருக்கும், படம் இருக்கும், எந்த மரம் எவ்வளவு என்ற மூலக் கணக்கு இருக்காது. 2017க்கு முந்தைய பதினைந்து இருபது புத்தகங்களைத் தூசி தட்டி எடுத்தோம். அழிந்துபோன பகுதியில் என்ன மரங்கள் இருந்தன என்பதை அவற்றை வைத்துத் திரும்பக் கட்ட முடியவில்லை. எந்த இடத்தில் அளந்தார்கள் என்பதே எழுதியிருக்கவில்லை.

அதனால் கடையில் கணக்குப்பிள்ளை வைத்திருப்பாரே, அந்த மாதிரி நீள நோட்டு ஒன்று வாங்கினோம். பக்கத்துக்கு எண் போட்டு, பென்சிலில் மட்டும் எழுதுவது, தப்பாக எழுதினால் அழிக்காமல் ஒரு கோடு இழுப்பது, எழுதியவர் கையெழுத்து. நோட்டு துறையை விட்டு வெளியே போகாது. மாதக் கடைசியில் கணினியில் ஏற்றுவோம். இவ்வளவுதான் எங்கள் தரவுத்தளம்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. பிள்ளைகள் ஊருக்குப் போய்விட்டார்கள், நானும் வீட்டில். மாதங்கள் கழித்துத் திரும்பியபோது அந்தக் காலம் முழுக்க வெற்றிடமாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். காவலாளி அண்ணாச்சி அறையிலிருந்து ஒரு பழைய காலண்டரைக் கொண்டுவந்தார். தினமும் காலை எட்டரைக்கு நாங்கள் மழைமானி பார்ப்பதை அவர் கவனித்திருக்கிறார். பெய்த நாளிலெல்லாம் கட்டத்துக்குள் அளவு எழுதியிருந்தார். பக்கத்திலேயே ‘மயில் 4’, ‘கிழக்கு உடை பூ விட்டது’, ‘நரி’ என்று சிலது.

‘நீங்க கேப்பீயன்னு தெரியும் சார், அதான் எழுதி வச்சேன்.’

அந்தக் காலண்டர் இப்போது நீள நோட்டின் பக்கங்களுக்கு இடையில் ஒட்டப்பட்டிருக்கிறது. கணினிக் கோப்பில் அவர் பெயரும் பதிவாளர் பட்டியலில் இருக்கிறது.

ஆடு மேய்க்கிற தாத்தா

மதில் கட்டி ஆட்டைத் தடுக்க வேண்டும் என்று ஒரு பேச்சு இருந்தது. நானும் முதலில் அந்தப் பக்கம்தான். ஒரு மாணவி, அங்கே ஆடு மேய்க்கிற தாத்தாவிடம் பேச்சுக் கொடுத்தாள்.

‘தாத்தா, ஆடு கன்னெல்லாம் கடிச்சிராதா?’

‘கடிக்கும்லா. எல்லாத்தையுமா கடிக்கும்? நெத்தைத் தின்னுட்டுப் போயி புழுக்கை போடுதுல்லா, அதுல மொளச்சதுதான் தாயி இதுல பாதி.’

ஆடு அழிக்கிறதா, விதைக்கிறதா? இதைவிட நல்ல ஆய்வுக் கேள்வியை நான் கொடுத்திருக்க முடியாது. ஒவ்வொரு பிளாட்டிலும் ஒரு மூலையைச் சீமைக்கருவேல முள் வைத்து வேலி கட்டி அடைத்தோம். வேலிக்கு உள்ளும் வெளியும் ஒவ்வொரு மழைக்கும் முளைகளை எண்ணுகிறோம். புழுக்கையைத் தொட்டியில் போட்டு முளைக்க வைத்தும் பார்க்கிறோம். முடிவு சொல்ல இன்னும் சில மழைக்காலம் வேண்டும். ஒன்று கண்ணுக்கே தெரிந்தது: அதே நெத்துத் தீனியில் சீமைக்கருவேல விதையும் பரவுகிறது. ஆட்டுக்கு இரண்டும் ஒன்றுதான். தாத்தாவிடம் இதைச் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை, அவருக்கு ஏற்கனவே தெரிந்திருந்தது.

இதே மாணவிதான் வெயிலுக்கு உடை நிழலில் ஒதுங்கியபோது இன்னொன்றைக் கண்டாள். குடைக்கு அடியில் வேம்பும் சங்கஞ்செடியும் சூரையும் கன்றாக நின்றன, நாலடி தள்ளி வெட்டவெளியில் ஒன்றுமில்லை. பறவை உட்கார்ந்து எச்சமிடுகிறது, நிழலில் ஈரம் நிற்கிறது, முள் வாய் வைக்க விடாமல் காக்கிறது. நாங்கள் நட்ட புங்கை ஏன் செத்தது என்பதற்கும் பதில் அங்கேயே இருந்தது. இந்தக் காட்டில் கன்று வளர்க்கிற வேலையை உடையே செய்கிறது.

மற்ற இடங்களில்

பல்கலைக்கழகம் சொந்தக் காடு வைத்திருப்பது புதுப் பழக்கமில்லை. டோக்கியோ பல்கலைக்கழகம் 1894இல் சிபா மாவட்டத்தில் தொடங்கியதுதான் ஜப்பானின் முதல் பல்கலைக்கழகக் காடு. அமெரிக்காவில் ஹார்வர்டு காடு 1907இலிருந்து நடக்கிறது. நம் பக்கம் சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937இல் தாம்பரம் முள்காட்டுக்குப் போனபோது, எட்வர்டு பார்ன்ஸ் என்ற வேதியியல் பேராசிரியர் அந்த வளாகத்துச் செடிகளைத் தன் பிள்ளைகள் மாதிரி கவனித்தார். முதுமலையில் இந்திய அறிவியல் கழகம் 1988இல் போட்ட 50 ஹெக்டேர் நிரந்தரப் பிளாட்டில் 1 செ.மீ. தடிமனுக்கு மேற்பட்ட ஒவ்வொரு தண்டுக்கும் எண் உண்டு. அதன் முன்னால் எங்கள் நாலு பிளாட் தூசுக்குச் சமம்.

ஹார்வர்டு காட்டின் ஒரு கதையை மாணவர்களுக்கு வருடா வருடம் சொல்வேன். 1938இல் பெரும் புயல் அந்த வட்டாரத்து மரங்களைச் சாய்த்துப் போட்டது. சாய்ந்ததையெல்லாம் அறுத்து அப்புறப்படுத்தினார்கள். பிற்பாடு 1990இல் ஆய்வாளர்கள் ஒரு துண்டுக் காட்டில் மரங்களை வின்ச் என்கிற இழுவைப் பொறி கட்டி இழுத்து, புயல் சாய்த்த மாதிரியே சாய்த்து, ஒன்றையும் எடுக்காமல் விட்டுப் பார்த்தார்கள். சாய்ந்த மரங்களில் பெரும்பாலானவை அடுத்த பருவத்தில் இலைவிட்டன, நிலமும் பெரிதாகக் குலையவில்லை. புயலைவிடப் புயலுக்குப் பிந்தைய சுத்தம் செய்யும் வேலைதான் காட்டை அதிகம் மாற்றியது என்பது அவர்கள் கண்டது. கதையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன், எங்களுக்கும் அது தேவைப்பட்டது.

2023 டிசம்பர்

டிசம்பர் 17, 18 இரண்டு நாளும் திருநெல்வேலி, தூத்துக்குடிக்காரர்கள் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பதிவானது. எங்கள் மழைமானி 150 மி.மீ. வரை கொள்ளும் பிளாஸ்டிக் மானி. அது வழிந்துவிட்டது. நீள நோட்டில் அன்றைய பதிவு ‘150க்கு மேல்’ என்று மட்டும் இருக்கிறது. எத்தனை ஆண்டுக்கு ஒரு முறை வரும் மழையோ, அதைத்தான் எங்களால் அளக்க முடியவில்லை. இப்போது பெரிய மானி வைத்திருக்கிறோம்.

வெள்ளத்துக்கு இரண்டு வருடம் முன்பே ஒரு சின்னச் சோதனை செய்திருந்தோம். பி.வி.சி. குழாய்த் துண்டை மண்ணில் பதித்து, அளந்த தண்ணீரை ஊற்றி, இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்ப்பது. உடைக் குடைக்கு அடியில் ஊற்றிய தண்ணீர் கடிகாரத்தைப் பார்ப்பதற்குள் இறங்கிவிடும். ஜே.சி.பி. ஓடிய இடத்தில் டீ குடித்துவிட்டு வந்தாலும் குழாயில் தண்ணீர் நிற்கும். எந்திரத்தின் எடையில் மண் இறுகிப்போயிருந்தது. வெள்ளம் வடிந்த பிறகு காட்டுக்குப் போனபோது அந்தச் சோதனையின் விடை நிலத்திலேயே வரைந்திருந்தது. அழித்த நிலத்தின் குறுக்கே முழங்கால் ஆழத்துக்கு ஓடை வெட்டியிருந்தது, மூலைக்கல் ஒன்று காணோம், கீழேயிருக்கிற குளத்து வாய்க்காலில் செம்மண் மேடு. காட்டுப் பிளாட் இரண்டிலும் சருகு ஒதுங்கிக் கிடந்ததே தவிர மண் அறுக்கவில்லை. பழைய கணக்கு கையில் இருந்ததால்தான் இதைப் பார்த்த உடனே எங்களால் படிக்க முடிந்தது.

காட்டுக்குள் ஐந்தாறு உடை சாய்ந்திருந்தன. அதில் எங்கள் 12ஆம் எண்ணும் ஒன்று. வேர்த்தட்டு ஒரு பக்கம் மண்ணோடு எழும்பி நின்றது. அகற்ற ஆள் வரச் சொல்லியிருந்தார்கள். ஹார்வர்டு கதையை இந்த முறை நிர்வாகத்திடம் சொன்னேன், மாணவர்களும் கூட வந்தார்கள். விட்டுவிட்டார்கள்.

இன்னும் முடியாதவை

எல்லாம் கூடிவரவில்லை. விலங்கியல் துறை பறவைக் கணக்குக்கும், புவியியல் மாணவர்கள் வரைபட வேலைக்கும், தமிழ்த் துறை ஒரு முறை செடிப் பெயர் சேகரிக்கவும் வந்தார்கள். தமிழ்த் துறையார் சேகரித்த வட்டாரப் பெயர்ப் பட்டியல் எங்களுக்கு மிகவும் உதவியது, ஆனால் அந்த வேலை ஒரு வருடத்தோடு நின்றுவிட்டது. இயற்பியல், கணிதத் துறைகளை இன்னும் உள்ளே கொண்டுவர முடியவில்லை. வெட்டிய வருடம் சீமைக்கருவேலம் துளிர்த்த வேகத்துக்கு எங்கள் கையால் பிடுங்கும் வேலை ஈடு கொடுக்கவில்லை. காட்டு விளிம்பில் அது உள்ளே வந்துகொண்டுதான் இருக்கிறது.

எழுத்தில் வாங்காத ‘சரி’யின் கதை இது. ஒரு முறை தர மதிப்பீட்டுக் குழு வருகிறது என்று வளாகத்தைச் சுத்தம் பண்ணினார்கள். பொறுப்பில் இருந்தவர்கள் மாறியிருந்தார்கள். அழித்த நிலத்துப் பிளாட் ஒன்றில் நாலு வருடமாகத் தானாக முளைத்து இடுப்பளவு வந்திருந்த உடைக் கன்றுகளை ‘களை’ என்று மட்டமாகச் சீவிவிட்டார்கள். அந்தப் பிளாட்டின் கணக்கில் அங்கே ஒரு சிவப்புக் கோடு இருக்கிறது. அதன் பிறகு, நாலு பிளாட்டின் எல்லையையும் நில அளவை வரைபடத்தில் குறித்து, ஆய்வுக் காடு என்று கல்லூரிக் குழுவில் தீர்மானம் போடக் கேட்டு மனு கொடுத்திருக்கிறோம். அது நிலுவையில் இருக்கிறது. மற்ற கல்லூரி நண்பர்கள் கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான்: டேப் வாங்குவதற்கு முன்னால் தீர்மானத்தை வாங்குங்கள்.

வெள்ளத்துக்குப் பிறகு தை மாதத்தில் 12ஆம் எண் மரம் இலைவிட்டது. மண்ணுக்குள் மிச்சமிருந்த வேரை வைத்துக்கொண்டு, படுத்தபடியே மூன்று தண்டிலும் துளிர்த்தது. வருடாந்தர அளவெடுக்கப் போன புதுப் பிள்ளைகள் வழக்கம்போலத் திரும்பி வரவில்லை. போய்ப் பார்த்தேன். மரம் படுத்திருக்கிறது, தரையிலிருந்து 30 செ.மீ. என்றால் இப்போது எதை எடுப்பது, நெஞ்சு உயரம் எங்கே இருக்கிறது? வெகுநேரம் பேசினார்கள். கடைசியில் தரையை விட்டுவிட்டு, தண்டின் வழியாகவே வேர்க்கழுத்திலிருந்து 30 செ.மீ. அளந்து பார்த்தார்கள். டேப் சரியாகப் பழைய மஞ்சள் கோட்டில் போய் நின்றது. அங்கேயே வைத்து அளந்து, நீள நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.